விசுவாசம் இருந்தவன் தப்பினான் என்று பிரசங்கத்தில் சொல்லலாமோ?

குளக்கட்டு (கிளிநொச்சி)
03.02.2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் இரணைமடுப் பக்கம். படிப்பிக்கிறது தொழில். எங்கட போதகர் ஐயாவுக்கு நாலு சபை பொறுப்பு, அதால மாதத்தில ஒரு ஞாயிறு பிரசங்கம் என்ர தலையில வரும். வாற 16ஆம் திகதி என்ர முறை. அதுக்குத்தான் உங்களிட்டக் கேக்கிறன்.

நேற்று எங்களுக்கு அறுப்பின் நன்றி ஆராதனை. கார்த்திகை வெள்ளத்தில வயல் பாதி அழுகிப் போனாலும் சனம் வெறுங்கையோட வரேல்லை. நெல்லு, பூசணி, வாழைக்குலை, ஒரு பிள்ளை சுண்டுபேணியில ஆறு முட்டை. வெளியில இருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். நல்ல குரல், வேதத்தை மனப்பாடமாச் சொல்லுவார். கர்த்தரை நம்பினவனை அவர் காப்பார் எண்ட 91ஆம் சங்கீதத்தில பேசினார். இடையில தன்ர சாட்சி. 2009 மாசியில, கடைசி யுத்தத்தில, மாத்தளனில இவையின்ர பங்கருக்குப் பக்கத்தில ஷெல் விழுந்ததாம். உள்ளுக்க எல்லாரும் அந்தச் சங்கீதத்தைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தவையாம். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பக்கத்துப் பங்கரில ஆறு பேர் செத்துப்போச்சினம். "அங்க ஜெபம் இல்லை. விசுவாசம் இருந்தவன் தப்பினான்" எண்டார். சனம் "ஆமென்" சொன்னது. நானும் சொன்னன், அதை மறைக்கக் கூடாது.

அப்ப மூண்டாவது வாங்கிலில இருந்த ஒரு அம்மா எழும்பினா. குடையை எடுத்தா, சேலைத் தலைப்பைச் சரிசெய்தா, வெளியில போட்டா. அவவின்ர கடைசி மகன் வட்டுவாகலில இராணுவத்திட்டக் கையளிக்கப்பட்டவர், இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நான் பின்னால ஓடிப்போய் படலையடியில மறிச்சன். கோபமில்லாத முகம். மெதுவாச் சொன்னா: "தம்பி, நானும் 91 தானே படிச்சனான். அவனும் படிச்சவன்."

எனக்கு அதுக்குப் பிறகு ஒரு வார்த்தையும் வரேல்லை. 16ஆம் திகதி நான் எதைப் பேச?

சீயோன்வழி (முல்லைத்தீவு)
03.02.2025, இரவு 11.15

பிரதர், அந்த அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். பக்கத்துப் பங்கரைப் பற்றிச் சொன்னது பிழை. அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் சாட்சியையே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் 2010இல் மீள்குடியேற்றத்தோடு வந்தவன். தகரக் கொட்டில், ஒரு சைக்கிள். பாஸ்டர் என்று சொல்ல ஆள் இல்லை, சபை இல்லை. வீடு வீடாகப் போனேன். நித்திரை வராத சனம். குடிக்கிற தகப்பன்மார். கால் இல்லாத பெடியள். அவர்களுக்கு நான் கொடுத்த ஒரே ஒரு வசனம், கர்த்தர் உன்னைக் கைவிடவில்லை என்பது. அதைக் கேட்டு ஒருத்தர் கையில் எடுத்த மருந்துப் போத்தலைக் கீழே வைத்தார். எனக்கு நேரே தெரிந்த ஆள்.

எனக்கும் சாட்சி உண்டு. வலைஞர்மடத்தில் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடின இடத்தில் நான் சாகவில்லை. அதற்கு நன்றி சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். நன்றியையும் ஒளித்துத்தான் சொல்ல வேண்டுமோ?

மருதமடு (மன்னார்)
04.02.2025, காலை 6.05

குளக்கட்டுத் தம்பி, நான் கத்தோலிக்கப் பெண். எங்கட பக்கத்தில இந்தக் கதை வேற மாதிரி வரும். மாதாவை நம்பினவையை மாதா காப்பாத்தினவ எண்டு.

மடுவில வளர்ந்தவள் எண்டபடியால் சொல்றன். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வதைச்ச காலத்தில, 1670இல, மாந்தையில இருந்து 20 குடும்பம் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள ஓடி வந்ததிலதான் அந்தக் கோயிலே தொடங்கினது. ஓடி வந்த சனத்தின்ர கோயில் அது. 1999 நவம்பர் 20 இரவு, தஞ்சம் எண்டு வந்து கோயில் வளவில படுத்திருந்த சனத்துக்கு மேல ஷெல் விழுந்து 40 பேரளவில செத்தவை. மாதாவுக்குப் பக்கத்தில படுத்திருந்த சனம் அது. அதைவிட ஆர் நம்புறது?

2008 ஏப்ரலில குருமார் சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போச்சினம். எங்கட அம்மம்மா அதைக் கேட்டு அழுதவ. பிறகு ஒரு நாள் கஞ்சி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க சொன்னா, "அவவும் எங்களை மாதிரி இடம்பெயர்ந்திட்டா, பிள்ளை." அம்மம்மாவுக்கு அது ஆறுதல். ஏனெண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

இன்னொண்டு. யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியில அதிபரா இருந்த பிரான்சிஸ் ஜோசப் பாதர் கடைசி நாள் வரைக்கும் சனத்தோட நிண்டவர். 2009 மே 18, வட்டுவாகல். சரணடைஞ்ச ஆக்களோட தானும் போனவர். திரும்பி வரேல்லை. சரத்ஜீவன் பாதர் அதே நாளில செத்தவர். விட்டிட்டு வெளியில வந்திருக்கலாம், வரேல்லை. இவைக்கு விசுவாசம் குறைவு எண்டு எந்த மேடையில ஏறிச் சொல்லுவியள்?

பனிக்காடு (ரொறன்ரோ)
04.02.2025, காலை 8.30

நான் வெளியில் இருந்து எழுதுகிறேன், பிழையானால் மன்னியுங்கள். 16 வருடம் ஆகப் போகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அதையே கிண்டினால் இளம் பிள்ளைகள் சபையை விட்டுப் போகமாட்டார்களா? இங்கே எங்கள் சபையில் அதுதான் நடக்கிறது. எதிர்காலத்தைப் பேசுகிற பிரசங்கம் தேவை என்று நினைக்கிறேன்.

பிடியரிசி (புதுக்குடியிருப்பு)
04.02.2025, மாலை 7.50

பனிக்காடு அண்ணா, அந்த இளம் பிள்ளை நான்தான். 2009இல எனக்கு ஏழு வயது. மெனிக் பாம் அகதி முகாமில தறப்பாளுக்குள்ள இருந்துதான் எழுத்துப் படிச்சனான். இப்ப ஆடைத் தொழிற்சாலையில வேலை, ஞாயிறுப் பாடசாலையில படிப்பிக்கிறன்.

நாங்கள் சபையை விட்டுப் போறது அதையே கதைக்கிறதால இல்லை. வீட்டில நடக்கிற ஒண்டையும் சபையில கதைக்காததால. என்ர வயதுப் பிள்ளையளுக்கு அம்மா ஏன் ராத்திரி லைற் போட்டு வைக்கிறா எண்டு தெரியும். கோயிலுக்க வந்தா எல்லாரும் சிரிச்ச முகம், "கர்த்தர் நல்லவர்". அப்ப எது உண்மை?

அதைவிட எனக்குப் பெரிய விசயம் கிழமைக்கடன். ஐஞ்சு பொம்பிளையள் ஒரு குழு. ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும். எங்கட சபையில இருந்து மூண்டு பேர் ஒரே குழுவில. ஒராள் புருசன் இல்லாதவ, கச்சான் போட்டு நட்டப்பட்டிட்டா. மற்ற ரெண்டு பேரும் அவவோட கதைக்கிறேல்லை. திருவிருந்துக்கு வரேக்க அவ பின்வாங்கிலில இருந்து எழும்புறேல்லை. அந்த மாதம் வந்த பிரசங்கம் என்ன தெரியுமோ? தசமபாகம் சரியாக் குடுத்தால் கடன் தன்ர பாட்டில தீரும் எண்டு. அவ நேர்த்திக் காணிக்கைக்கு எண்டு இன்னொரு இடத்தில கடன் எடுத்தா. இதை நான் பொய் சொல்லேல்லை, அந்தக் காசுக்குக் கையெழுத்து வைச்சது என்ர அம்மா.

சீஷத்துவம், சிலுவை சுமக்கிறது எண்டு எத்தனை பிரசங்கம் கேட்டிட்டன். ஒருத்தராவது அந்த மூண்டு பேரையும் ஒரு பாயில இருத்திக் கதைச்சிருந்தால் எனக்கு அது காணும்.

பிறகு அம்மாவையும் சேர்ந்து பிடியரிசி தொடங்கிச்சினம். பழைய ஆக்களுக்குத் தெரியும். சோறு போட அரிசி அளக்கேக்க ஒரு பிடி எடுத்து வேற பானையில போடுறது, ஞாயிறு கொண்டுவந்து கொட்டுறது. முந்தி அது கோயில் செலவுக்கு. நாங்கள் அதை வித்து, கட்ட முடியாத கிழமையில ஒராளின்ர தவணையைக் கட்டுறம். போன ஆவணியில தொடங்கினது. 2022இல மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில நிண்ட காலத்தில இது இருந்திருந்தால் எவ்வளவோ உதவியாய் இருந்திருக்கும்.

பழைய_மாஸ்ரர் (வவுனியா)
05.02.2025, இரவு 8.20

தம்பிக்கு நேரே பதில். நான் 40 வருடம் வேதப்பாடம் படிப்பித்தவன், ஓய்வு பெற்றாயிற்று.

முதலாவது. 91ஆம் சங்கீதத்தின் 11ஆம் 12ஆம் வசனங்களை ஒருவருடைய பாதுகாப்புக்கு உத்தரவாதமாக எடுத்துச் சொன்னது யார் என்று மத்தேயு 4ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தேவாலயத்து உப்பரிகையில் நின்று சோதனைக்காரன் சொன்னான். ஆண்டவர் மறுத்துவிட்டார். சங்கீதம் நல்லது, அதை ஆபத்தில் இருக்கிறவன் தன் வாயால் ஜெபமாகச் சொல்ல வேண்டும். தப்பினவன் அதை எடுத்துச் செத்தவனை அளக்கிற கோலாகப் பிடிக்கக் கூடாது.

இரண்டாவது. விசுவாச அதிகாரம் என்று நாம் எல்லோரும் மேடையில் அடிக்கிற எபிரெயர் 11. 34ஆம் வசனத்தில் விசுவாசத்தினாலே சிலர் பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள். மூன்று வசனம் தள்ளி 37இல், பட்டயத்தினாலே வெட்டப்பட்டு மரித்தார்கள். அடுத்தது 39: இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள். எல்லாரும் என்றுதான் போட்டிருக்கிறது. பெரும்பாலான பிரசங்கியார்கள் 34இல் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நானும் மூடியிருக்கிறேன், இளமையில்.

மூன்றாவது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று தானே பதில் சொன்னவர் இயேசு. லூக்கா 13. பக்கத்துப் பங்கருக்கு இதைவிட நேரான வசனம் வேதத்தில் இல்லை.

சீயோன்வழிப் போதகருக்கு ஒரு சொல். உங்கள் நன்றியை யாரும் பறிக்கவில்லை, ஐயா. "என்னைக் காப்பாற்றினார்" என்பது சாட்சி. "ஏனென்றால்" என்று அடுத்து ஒரு சொல் போட்டவுடன் அது தீர்ப்பாகிவிடுகிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

யோபுவின் சிநேகிதர் மூன்று பேரும் முதல் ஏழு நாள் தரையில் இருந்து ஒன்றும் பேசவில்லை. அதுவரைக்கும் அவர்கள் செய்தது எல்லாம் சரி.

சீயோன்வழி (முல்லைத்தீவு)
05.02.2025, இரவு 10.45

மாஸ்ரர், "ஏனென்றால்" என்ற சொல்லைப் பற்றி இன்று முழுக்க யோசித்தேன். நான் அதைச் சொல்லியிருக்கிறேன். பல தரம். என் பிள்ளை தப்பினது நான் உபவாசம் இருந்தபடியால் என்று சொல்லியிருக்கிறேன். என் அக்காவின் பிள்ளை தப்பவில்லை. அக்கா எங்கள் சபையில்தான் முன்வரிசையில் இருக்கிறா. ஒரு நாளும் ஒன்றும் சொல்லவில்லை.

தசமபாகம் பற்றித் தங்கச்சி எழுதினது எங்கள் மாதிரிச் சபைகளில் நடக்கிறதுதான். நான் அப்படிப் போதிக்கிறதில்லை, ஆனால் போதிக்கிறவர்களை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுடைய பந்தியில் குறை வந்தபோது ஆதிச் சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. எங்களிடம் பாட்டுக் குழுவுக்கு ஒன்பது பேர், பந்திக்கு ஒருவரும் இல்லை. பிடியரிசி எப்படி நடத்துகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், தங்கச்சி.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். புலம்பலோடு நிறுத்தினால் சனம் தாழும். அனத்தோத்தூரில் நிலம் வாங்கினானே எரேமியா, எருசலேம் முற்றுகையில் இருக்கும்போது, 17 சேக்கல் வெள்ளிக்கு? நாங்கள் 2010இல் மிதிவெடி எடுத்து முடியாத வளவில் தென்னம்பிள்ளை வைத்தோம். அந்தப் பிரசங்கமும் வேண்டும்.

மட்டுறுத்துநர்
06.02.2025, காலை 7.00

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஒரு சபைப் பிரிவை இன்னொரு பிரிவு மட்டமாகப் பேசும் பதிவுகள் இங்கே இருக்காது. வெளிநாட்டுப் பணம் பற்றிய விவாதத்துக்கு வேறு இழை உண்டு.

முறிகண்டிப்_பாதை
08.02.2025, இரவு 9.10

இவ்வளவு நாள் வாசிச்சுக்கொண்டுதான் இருந்தன். ஒண்டு கேக்கவேணும்.

என்ர அண்ணாவும் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒவ்வொரு வருசமும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளில பங்கில பெயர் எழுதிக் குடுக்கச் சொல்லுவினம், மரித்தவர்களுக்கான பூசைக்கு. அப்பா எழுதச் சொல்லுவார். "ஒரு பூசையாவது கிடைக்கட்டும் அவனுக்கு" எண்டுவார். அம்மா பேப்பரைப் பறிச்சுக் கிழிப்பா. 15 வருசமா இதுதான். காணாமற்போனவர் எண்ட சான்றிதழ் எடுக்கவும் அம்மா விடேல்லை. எடுத்தால் அவனைக் கைவிட்ட மாதிரியாம். போன வருசம் அப்பா செத்திட்டார். இப்ப அப்பாவின்ர பெயர் அந்தப் பட்டியலில இருக்கு, அண்ணாவின்ர பெயர் எந்தப் பட்டியலிலயும் இல்லை.

குருவானவர் நல்லவர், ஆனால் அவரிட்டயும் பதில் இல்லை. மரித்தவர்களுக்கும் ஜெபம் இருக்கு, நோயாளருக்கும் இருக்கு, பயணம் போறவைக்கும் இருக்கு. இப்பிடிப் போனவைக்கு எந்த ஜெபத்தில பெயர் சொல்லுறது?

மருதமடு (மன்னார்)
08.02.2025, இரவு 10.30

தம்பி, எங்கட பங்கில ஒரு சிஸ்டர் செய்தது இது. மன்றாட்டு நேரத்தில "எங்கள் கண்ணுக்கு மறைவானவர்கள்" எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுவா. பெயரை அவரவர் வாய்க்குள்ள சொல்லவேணும். உயிரோட எண்டும் இல்லை, செத்தது எண்டும் இல்லை. ஒரு நிமிசம். சில ஞாயிறுகளில அந்த ஒரு நிமிசம் ஐஞ்சு நிமிசமாப் போகும், ஒருத்தரும் இருமக்கூட மாட்டினம்.

மன்னார் ஆயராய் இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 தையில அரசாங்கத்தின்ர நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால போய், வன்னியில கணக்கில வராத 1,46,679 பேருக்கு என்ன நடந்தது எண்டு கேட்டவர். அரசாங்கக் கச்சேரிக் கணக்கை வைச்சுத்தான் கேட்டவர். 2021இல பெரிய வியாழன் அண்டைக்கு அவர் காலமானார், பதில் வரேல்லை. அவரும் அந்தச் சனம் செத்தது எண்டு சொல்லேல்லை, உயிரோட எண்டும் சொல்லேல்லை. எங்க எண்டுதான் கேட்டவர். அதுவும் ஜெபம்தான் எண்டு நான் நினைக்கிறன்.

பழைய_மாஸ்ரர் (வவுனியா)
09.02.2025, காலை 5.50

குளக்கட்டுத் தம்பிக்கு. 2 சாமுவேல் 21ஐ வாசியுங்கள். ரிஸ்பாள். கொல்லப்பட்ட தன் பிள்ளைகளின் உடல்களை அறுப்பு தொடங்கின நாளிலிருந்து மழை பெய்யும் வரைக்கும் கன்மலைமேல் இரட்டுத் துணியை விரித்து இருந்து காத்தவள். பகலில் பறவை, இரவில் மிருகம், ஒன்றையும் அண்ட விடவில்லை. ஒரு வார்த்தை பேசினதாக வேதம் சொல்லவில்லை. கடைசியில் ராஜாவுக்குச் செய்தி போகிறது, ராஜா எலும்புகளைச் சேர்த்து அடக்கம் பண்ணுவிக்கிறான். அறுப்புக் காலம், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தெருவோரத்தில் இருக்கிற தாய்மார். உங்களுக்குப் பொருந்தும்.

குளக்கட்டு (கிளிநொச்சி)
17.02.2025, இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. நேற்று நடந்ததை எழுதுறன்.

எபிரெயர் 11ஐ 40ஆம் வசனம் வரைக்கும் வாசிச்சன். பிறகு மன்னிப்புக் கேட்டன். 2ஆம் திகதி நான் சொன்ன ஆமெனுக்கு. பிறகு ரிஸ்பாள். பன்னிரண்டு நிமிசம்தான் பேசினது. மன்றாட்டில மருதமடு அக்கா எழுதின மாதிரிச் செய்தன். எவ்வளவு நேரம் போனது எண்டு தெரியேல்லை. பின்னால ஒரு ஆம்பிளை சத்தமாப் பெயர் சொன்னார். அவர் கோயிலுக்க வாய் திறந்து நான் கண்டதில்லை. அதுக்குப் பிறகு இன்னொராள், இன்னொராள். சபை மூப்பர் ஒருத்தர் வெளியில வந்து "நன்றி ஆராதனைக்கு வந்த சனத்தைச் செத்தவீட்டுக்குக் கொண்டு போட்டாய்" எண்டார். அவரின்ர மனமும் நொந்திருக்கு. நாளைக்குப் போய்க் கதைப்பன்.

அந்த அம்மா வரேல்லை. பின்நேரம் வீட்டுக்குப் போனன். முருங்கைக்குக் கீழ கதிரை போட்டுத் தந்தா, பிளேன்ரீ தந்தா. நான் பிரசங்கத்தை அவவுக்குச் சொன்னன், ரிஸ்பாளைப் பற்றி. முழுக்கக் கேட்டா.

"அவளுக்கு முன்னால பிள்ளையளின்ர உடம்பு கிடந்தது என்ன?"

"ஓம் அம்மா."

"அப்ப அவள் வேற, நான் வேற. என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான், தம்பி. நீ என்னை அவளோட சேர்க்காத."

மாஸ்ரர், உங்களில பிழை இல்லை. நான்தான் யோசிச்சிருக்கவேணும். முறிகண்டிப் பாதைத் தம்பி எழுதினதை வாசிச்சுப்போட்டும் நான் அதையே செய்திருக்கிறன். ஒரு பட்டியலை விட்டு இன்னொரு பட்டியலில அவவைப் போட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டன். அவ அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி ஆறுது குடி எண்டா.

வெளிக்கிடேக்க அந்த ராசா கடைசியில உண்மையா ஏதும் செய்தவரோ எண்டு கேட்டா. செய்தவர் எண்டன். "எத்தினை மாசத்தால?" நான் கணக்குப் பார்த்து, வேதத்தில மாசம் போடேல்லை, அறுப்பில இருந்து மழை வரைக்கும், ஒரு ஆறு மாசம் இருக்கும் எண்டன். "எங்களுக்கு 20ஆம் திகதியோட எட்டு வருசம்" எண்டா. காணாமல் ஆக்கப்பட்டவையைக் கேட்டு 2017 மாசி 20இல கந்தசுவாமி கோயிலடியில போராட்டம் தொடங்கின முதல் நாளில இருந்து போறவ. அப்ப அவவோட இருந்த கனபேர் இப்ப இல்லை.

பிறகு கேட்டா, "தம்பி, உனக்கு அண்டைக்குப் பள்ளிக்கூடமோ? வெயிலுக்க குடை பிடிக்க ஒராள் வேணும். என்ர கை இப்ப ஏலாது."

லீவு போட்டிருக்கிறன்.

சீயோன்வழி (முல்லைத்தீவு)
17.02.2025, இரவு 11.30

நானும் வருகிறேன், பிரதர். அக்காவையும் கேட்டேன், வருகிறா. முதல் பஸ்ஸில் ஏறினால் பரந்தன் சந்திக்கு எட்டரைக்கு வந்துவிடுவோம். அங்கே நில்லுங்கள். மைக்கில் ஜெபிக்கச் சொல்லிக் கேட்கமாட்டீர்கள்தானே? நான் சும்மா வந்து இருக்கத்தான் வருகிறேன்.

பிடியரிசி (புதுக்குடியிருப்பு)
18.02.2025, காலை 5.20

எனக்கு லீவு கிடைக்காது. பானையில எட்டுக் கிலோ சேர்ந்திருக்கு, கஞ்சிக்குக் காணும் எண்டு அம்மா சொல்றா. சீயோன்வழி பாஸ்டர், உங்கட பஸ் புதுக்குடியிருப்புச் சந்தியால வரேக்க அம்மா சாக்கோட நிப்பா. பச்சைச் சேலை. ஏத்திக்கொண்டு போங்கோ.